உப்பளச் சாலையில் உடல் குளிர்ந்த ஒரு நண்பகல்: வேதாரண்யம் சைக்கிள் பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பொங்கல் முடிந்த வாரத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரைக்கு ஐந்து நண்பர்கள் சைக்கிளில் போனார்கள். திரும்பும் வழியில், வேதாரண்யம் உப்பளங்களுக்கு நடுவே, அவர்களில் மிக இளையவருக்கு உடல் வெப்பம் இறங்கத் தொடங்கியது. அவர் முழுமையாகத் தேறிவிட்டார். ஆனால் அன்று நடந்தது நம் பகுதியில் சைக்கிள் ஓட்டுகிற யாருக்கும் நடக்கக்கூடியது. ஐவரிடமும், அவர்களுக்கு இடம் கொடுத்த உப்பளத் தொழிலாளியிடமும் தனித்தனியே பேசி, சொன்னவற்றை ஒப்பிட்டு இதை எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

டெல்டாவில் சைக்கிள் ஓட்டுகிறவர்களை வெயிலைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். குளிரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. குளிர் என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தால்தான் அன்று அடையாளங்கள் கண்முன்னே இருந்தும் முக்கால் மணி நேரம் பிடிபடவில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

## பின்னணி

பயணத்தை ஒருங்கிணைத்தவர் 38 வயதான மின்பொறியாளர். அவருடன் ஒரு பள்ளி ஆசிரியை, வங்கியில் வேலை பார்க்கும் அவருடைய கணவர், கீழ்வேளூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், பொங்கலுக்கு ஊர் வந்திருந்த 24 வயது இளைஞர். இளைஞர் மெலிந்த உடல்வாகு கொண்டவர். ஐவரில் வேகமாக ஓட்டுகிறவரும் அவர்தான். அதனாலேயே அவரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆசிரியையால் தொடர்ந்து ஓட்ட முடியுமா என்பது மட்டுமே முதல் நாள் இரவு பேச்சாக இருந்தது.

திட்டம் எளியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேளாங்கண்ணி, திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு வழியாக வேதாரண்யம். அங்கிருந்து அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு தாண்டிக் கோடியக்கரை. பூநாரைகளையும் வெளிமான்களையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வேதாரண்யம் திரும்பி, இரவு அங்கேயே தங்கி, மறுநாள் திருத்துறைப்பூண்டி வழியாக வீடு வந்து சேர்வது.

இந்த வழியின் நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. டெல்டா என்றதும் நெல் வயலும் வாய்க்காலும் நினைவுக்கு வரும். வேதாரண்யத்துக்குத் தெற்கே அந்தப் படம் முடிந்துவிடுகிறது. மரமற்ற சேற்றுவெளி, வரப்பு கட்டிய உப்புப் பாத்திகள், சீமைக் கருவேலம் புதர்புதராக நிற்கும் மேடுகள். கோடையில் தரை வெள்ளை பூத்துப் பாலை நிலமாகவே தெரியும். ஒதுங்க ஒரு சுவர்கூட இல்லாத கிலோமீட்டர்கள் அந்தச் சாலையில் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் கரையைக் கடந்தபோது சாய்த்த மரங்கள் ஏராளம். சாலையோர நிழலும் காற்றுத் தடுப்பும் முன்பிருந்த அளவுக்கு இல்லை.

இந்த நிலத்தைப் பற்றிய பொது நினைவும் வெயில் நினைவுதான். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகப் படை, சுமார் 240 கிலோமீட்டர் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தது. சித்திரை வெயிலில் நடந்த நடை. அகஸ்தியன்பள்ளியில் உள்ள நினைவுத் தூணைப் பார்க்க நிற்கிற எவரும் அந்தத் தாகத்தைத்தான் பேசுவார்கள். இந்தக் குழுவும் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டது. மாற்று உடை எடுத்து வந்தவர் ஆசிரியை ஒருவர்தான். மற்றவர்கள் பைகளை முந்தின நாளே வேதாரண்யம் போன ஒரு உறவினரின் காரில் விடுதிக்கு அனுப்பியிருந்தார்கள்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவ மழை விடைபெற்ற பிறகும் தை வரை இங்கே வாடைதான் வீசும். நாகையிலிருந்து கோடியக்கரை ஏறக்குறைய நேர் தெற்கு. எனவே போகும்போது காற்று முதுகுப் பக்கம், திரும்பும்போது முகத்தில்.

## காலை: காற்றோடு போன வழி

அதிகாலை 5.30க்குப் புறப்பட்டார்கள். வானம் மூடியிருந்தது. வானிலைச் செயலி லேசான மழை என்றது. இளைஞர் முந்தின இரவு நண்பர்களோடு பேசிவிட்டு மூன்று மணி நேரம்தான் தூங்கியிருக்கிறார். வேளாங்கண்ணியில் தேநீர், வேதாரண்யத்தில் ஒன்பது மணிக்கு இட்லி. அவர் மட்டும் பசியில்லை என்று இன்னொரு தேநீரோடு நிறுத்திக்கொண்டார். காற்று தள்ளிக்கொண்டு வந்ததில் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் களைப்பே தெரியவில்லை என்று நால்வருமே சொன்னார்கள்.

இங்கே முதல் முடிவு. வேதாரண்யத்தில் கருமேகம் வடகிழக்கில் திரண்டிருந்தது. விவசாயி அதைக் கவனித்து, மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னார். அவருடைய சம்பா அறுவடைக்கு நின்றது. அறுவடை இயந்திரக்காரரைக் கைப்பேசியில் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். தைமாத மழை அவருக்கு நெல் சாய்கிற செய்தி, அதனால் அவர் சொன்னதை மற்றவர்கள் வயலைப் பற்றிய கவலையாகவே எடுத்துக்கொண்டார்கள். இன்னும் சுமார் 11 கிலோமீட்டர்தான், நனைந்தால் என்ன, காய்ந்துவிடும் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். அவர்களிடம் இருந்த தகவலுக்கு அந்த முடிவு தவறில்லை. ஆனால் திரும்பும் 11 கிலோமீட்டர் வேறு கணக்கு என்பதை அந்த இடத்தில் எவரும் எழுப்பவில்லை.

கோடியக்கரைக்கு 10.45க்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடற்கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது 11.30 அளவில் தூறல் பிடித்து, கால் மணி நேரத்தில் கனத்தது. ஒதுங்குவதற்குள் ஐவரும் நனைந்துவிட்டார்கள்.

## திரும்பும் வழி

வேதாரண்யத்துக்குப் பஸ் இருந்தது. சைக்கிள்களை விட்டுவிட்டுப் போக மனமில்லை. மழை சற்று குறைந்ததும் 12.15க்கு ஓட்டத் தொடங்கினார்கள். வெப்பநிலை 23 டிகிரி.

அந்த எண்தான் எல்லோரையும் ஏமாற்றியது. வீட்டுக்குள் 23 டிகிரி இதமானது. நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றுக்குள் போகிறவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. தோலின் மேல் ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதி உடலிலிருந்தே போகிறது. எதிர்க்காற்று 25 கிலோமீட்டர் வேகத்தில் வீச, நாம் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், மார்பில் மோதுவது 40 கிலோமீட்டர் காற்று. பருத்தித் துணி நீரை விடாமல் பிடித்துவைத்து அந்தக் காற்றுக்குத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். ஈரத் துணி சுற்றிய மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான்.

ஓட்டிக்கொண்டிருக்கும் வரை உடல் இந்த இழப்பை ஈடுகட்டுகிறது. மிதிக்கும் உழைப்பில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்துக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. எனவே குளிர் தாக்குவது பெரும்பாலும் நிற்கும்போதுதான். காலை உணவு இல்லாதவருக்கு, தூக்கம் இல்லாதவருக்கு, தோலுக்கடியில் கொழுப்பு குறைந்தவருக்கு இன்னும் விரைவில். மூன்றும் அந்த இளைஞரிடம் இருந்தன.

கோடியக்காட்டு மரங்களைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்ததும் வேகம் பாதியாகக் குறைந்தது. ஏறத்தாழ 12.50க்கு வங்கி ஊழியரின் பின்சக்கரத்தில் கருவேல முள் ஏறியது.

## பஞ்சர்

எல்லோரும் நின்றார்கள். இரண்டாகப் பிரிய வேண்டாம் என்பது இரண்டாவது முடிவு. வெட்டவெளியில் ஒருவரைத் தனியே விடக் கூடாது என்ற நல்ல வழக்கத்திலிருந்து வந்தது அது. ஆனால் ஐந்து பேரும் சைக்கிளைச் சுற்றி நின்றார்கள், வாடை ஐந்து பேர் மேலும் அடித்தது.

பஞ்சர் ஒட்டுவதில் கைதேர்ந்தவர் என்பதால் இளைஞர்தான் உட்கார்ந்தார். டயரைக் கழற்றும் லிவர் அவர் கையிலிருந்து இரண்டு முறை நழுவியது. டியூபை உருவி எடுக்கவே நேரமாயிற்று. ஈரத்தில் பசை பிடிக்கவில்லை. மாற்று டியூப் போடலாம் என்று முடிவானபோது, வால்வு மூடியைத் திருக அவர் விரல்கள் மறுத்தன. விவசாயி வாங்கித் திருகினார். அப்போது அவர் ஏதோ கேலி செய்தாராம், இளைஞர் பதில் சொல்லவில்லையாம். நடுக்கம் விட்டுவிட்டு வந்தது. குளிர்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றார்.

அந்த ‘இல்லை’யை நான்கு பேரில் மூவர் நம்பினார்கள். அதில் வியப்பில்லை. உடல் குளிரும்போது மூளையின் கணிப்பும் சேர்ந்து மங்குகிறது. பாதிக்கப்பட்டவரின் வாய்மொழியை அளவுகோலாகக் கொள்ளவே முடியாது. கையின் நுட்பம் முதலில் போகும், பிறகு பேச்சு குழறும், நடை தள்ளாடும், மனிதர் ஒதுங்கி அமைதியாகிவிடுவார். இந்த வரிசையில் எல்லாமே அந்தச் சாலையோரத்தில் தெரிந்தன. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆளைப் பார்க்க வாய்க்கவில்லை.

பார்த்தவர் ஆசிரியை. காலையிலிருந்து ஓயாமல் “அக்கா, அக்கா” என்று பேசிவந்த பையன் கால் மணி நேரமாக வாய் திறக்கவில்லை என்பதுதான் தன்னை உறுத்தியது என்றார். சென்னைக்கு எந்த ரயிலில் டிக்கெட் எடுத்திருக்கிறாய் தம்பி என்று கேட்டார். சற்று நேரம் விழித்துவிட்டு, “போகலாம்” என்றார் இளைஞர். உதடு நீலம் பாரித்திருந்தது. மணி 1.30.

## ஓட்டுவதா, ஒதுங்குவதா

இங்கேதான் உண்மையான கருத்து வேறுபாடு எழுந்தது. வேதாரண்யம் ஏழெட்டு கிலோமீட்டர்தான், மிதித்தால் சூடு ஏறிவிடும், விடுதியில் உலர்ந்த துணி இருக்கிறது என்றார் ஒருங்கிணைப்பாளர். அந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. தெளிவாகப் பேசுகிற, உறுதியாகச் சைக்கிளைப் பிடிக்கிற ஒருவருக்கு அதுவே சரியான வழியாக இருக்கலாம். ஆசிரியையின் மறுப்பு ஒரே ஒரு கேள்வியில் இருந்தது: பிரேக்கை இவன் பிடிப்பானா? பிடித்துக்காட்டச் சொன்னார்கள். விரல்கள் பாதிதான் மடங்கின. விவாதம் அதோடு முடிந்தது. விவாதத்தைச் செயலால் தீர்த்த அந்தச் சோதனையை இந்த நிகழ்விலேயே சிறந்த கணமாகக் கருதுகிறேன்.

சாலையிலிருந்து நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளி உப்பள வரப்பில் ஒரு கீற்றுக் கொட்டகையில் புகை தெரிந்தது. மழை ஓய்ந்து பாத்திகளைச் சீர்படுத்தும் வேலை தொடங்கும் காலம் அது. அன்றைய மழையில் வேலை நின்று, அறுபது வயதை ஒட்டிய ஒரு பெண் தொழிலாளி மட்டும் உள்ளே இருந்தார். இருவர் இரண்டு பக்கமும் தாங்கி இளைஞரை அழைத்துப் போனார்கள். சைக்கிள்கள் சாலையோரத்திலேயே கிடந்தன.

## கொட்டகைக்குள்

அந்த அம்மையார் பார்த்ததுமே, “முதலில் ஈரத்தை அவிழ்த்துப் போடுங்கள், அப்புறம் நெருப்பைப் பார்க்கலாம்” என்று சொல்லியிருக்கிறார். நாற்பது ஆண்டு அளத்தில் நின்றவருக்குக் கூதல் புதிதல்ல. தன் மாற்றுப் புடவையையும் நான்கைந்து வெற்றுச் சாக்குகளையும் எடுத்துக் கொடுத்தார். ஆசிரியை தன் பையிலிருந்த உலர்ந்த உடையையும் துண்டையும் தந்தார். ஈரம் துடைத்து, உள்ளாடை வரை மாற்றி, தரையின் குளிர் ஏறாமல் சாக்குகளை அடுக்கி அதன்மேல் படுக்கவைத்து, புடவையைச் சுற்றினார்கள். தலையையும் மூடினார்கள். வங்கி ஊழியரும் ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு, துடைத்துக்கொண்டு அவரோடு ஒட்டி உட்கார்ந்தார்.

விவசாயி தைலம் தேய்த்துக் கைகால்களைச் சூடேற்ற முனைந்தார். நம் வீடுகளில் இயல்பாகச் செய்வது அதுதான். ஆசிரியை அதற்குள் மருத்துவரான தன் உறவினரைக் கைப்பேசியில் பிடித்துவிட்டார். தேய்க்க வேண்டாம் என்று அவர் தடுத்தார். கைகால்களில் தேங்கிய குளிர்ந்த இரத்தம் இதயத்துக்கு விரைந்து திரும்புவது நல்லதல்ல. சூடு சேர வேண்டியது மார்பு, கழுத்து, அக்குள் பகுதிகளில். எழுந்து நடக்கவிட வேண்டாம். மது கூடவே கூடாது, அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வெப்பத்தை மேலும் இழக்கச் செய்யும். கோப்பையைத் தானே பிடித்து, புரையேறாமல் விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம்.

அம்மையார் சர்க்கரை தூக்கலாகப் போட்டு வரக்காப்பி வைத்தார். வெந்நீரைத் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றித் துணி சுற்றி அக்குள்களில் வைத்தார்கள். புகை உள்ளே நிறையாமல் இருக்க அடுப்பை வாசலுக்கு நகர்த்தினார்கள்.

பத்து நிமிடத்தில் நடுக்கம் கட்டுக்கடங்காமல் போயிற்று. பல் கிடுகிடுவென அடித்துக்கொண்டது. நண்பர்கள் பயந்துவிட்டார்கள். ஆனால் மருத்துவர் அதை நல்ல அறிகுறி என்றார். நடுக்கம் உடல் தானே வெப்பம் உண்டாக்கும் முயற்சி. மனம் குழம்பிய நிலையிலேயே நடுக்கம் நின்றுபோவதுதான் ஆபத்து, அப்படி ஆனால் ஒரு நொடியும் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும் என்றார். அதையே மூன்றாவது முடிவாக எடுத்துக்கொண்டார்கள்: இருபது நிமிடம் பார்ப்பது, பேச்சு மோசமானாலோ நடுக்கம் குழப்பத்தோடு நின்றாலோ ஆம்புலன்ஸ். பேச்சு ஏற்கெனவே குழறியிருந்த நிலையில் உடனே 108ஐ அழைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. வண்டி வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தேறிவிட்டால் திருப்பி அனுப்பலாம்.

இரண்டு மணிக்குக் கோப்பையைத் தானே பிடித்தார். காப்பியும், பிறகு கடலை மிட்டாயும் உள்ளே போயின. சிறிது நேரத்தில், கேட்காமலேயே ரயிலின் பெயரைச் சொன்னார்.

## பிறகு

ஒருங்கிணைப்பாளர் வேதாரண்யம் விடுதிக்குப் பேசி, ஊரில் குட்டி யானை என்று சொல்லும் சரக்கு வண்டி ஒன்றை வரவழைத்தார். இளைஞர் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில், சைக்கிள்கள் பின்னால். மருத்துவமனையில் மூன்றரை மணிக்குப் பார்த்தபோது உடல் வெப்பம் 36 டிகிரியை நெருங்கியிருந்தது. 35க்குக் கீழே இறங்கினால்தான் மருத்துவக் கணக்கில் அது உடல் குளிர்ச்சி நோய். சாலையோர அடையாளங்களைக் கேட்ட மருத்துவர், அப்போது அந்தக் கோட்டைத் தொட்டிருக்க வேண்டும், தொடக்க நிலையிலேயே பிடித்துவிட்டீர்கள் என்றார். மாலைவரை வைத்திருந்து அனுப்பினார்கள். மறுநாள் பயணம் கைவிடப்பட்டது. ஐவரும் அகஸ்தியன்பள்ளிப் பாதை ரயிலில் திருத்துறைப்பூண்டி வந்து அங்கிருந்து வீடு திரும்பினார்கள். சைக்கிள்கள் வண்டியில் வந்தன. அம்மையாருக்குப் புதுப் புடவையும் கம்பளியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இளைஞருக்கு 12.50க்கும் 1.30க்கும் இடைப்பட்ட நேரம் சரியாக நினைவில்லை. தான் நன்றாகத்தான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்ததாகவே அவர் இன்னும் நினைக்கிறார்.

## மாற்றியவை

குழு மூன்று மாதங்களாகச் சில வழக்கங்களைக் கடைப்பிடிக்கிறது. ஒவ்வொருவர் பையிலும் ஒரு பாலியஸ்டர் மேல்சட்டை, பாலிதீன் உறைக்குள் காற்றுப் புகாமல் கட்டியது. எடை கால் கிலோகூட இல்லை. மழையில் நின்றால், சைக்கிளைத் தொடுவதற்கு முன் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். பஞ்சர் ஒட்டுகிறவர் ஒருவர், அவரைக் காற்றிலிருந்து மறைத்து நிற்பவர்கள் மற்றவர்கள். மேலுடை இல்லாதபோது சட்டைக்கும் மார்புக்கும் நடுவே உலர்ந்த செய்தித்தாளை மடித்துச் செருகினாலும் காற்று குறையும். பால்காரர்கள் பலர் பனிக் காலையில் இதைச் செய்வார்கள்.

பிரேக் சோதனையை ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்கிறார்கள். ஒருவருக்கொருவர் முகம் பார்த்து ஒரு கேள்வி, ஒரு பதில். இருவர் இருவராகப் பொறுப்பு பிரித்திருக்கிறார்கள். வெறும் வயிற்றோடு யாரும் வெட்டவெளிக்குள் நுழைவதில்லை. இந்த ஒன்றில் ஆசிரியை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது திசை. வாடைக் காலத்தில் தெற்கு நோக்கிய பயணத்தைத் திருப்பிப் போடுவது: முதல் நாள் ரயிலிலோ வண்டியிலோ வேதாரண்யம் போய்த் தங்கி, உடலில் தெம்பும் வயிற்றில் உணவும் இருக்கும் காலையில் வடக்கு நோக்கி எதிர்க்காற்றை முடித்துவிடுவது. கோடியக்கரைக்குப் போவதென்றால், திரும்ப முடியாமல் போனால் எந்தப் பஸ், சைக்கிளை எங்கே விடுவது என்பதைப் புறப்படுமுன்பே முடிவு செய்வது. அன்று பஸ்ஸை விட்டதற்குக் காரணம் சைக்கிளைப் பற்றிய கவலை மட்டுமே. கோடியக்கரையில் அதைப் பூட்டி நிறுத்த இரண்டு வீடுகளை இப்போது பேசி வைத்திருக்கிறார்கள்.

மாசியில் அதே சாலையில் ஐவரும் மீண்டும் ஓட்டினார்கள். வெயில் அடித்தது, பாத்திகளில் உப்பு விளையத் தொடங்கியிருந்தது, மேல்சட்டை உறைகளைப் பிரிக்க வேண்டி வரவில்லை. அந்த ஏற்பாடு மழையிலும் வாடையிலும் எப்படி நிற்கும் என்பது அடுத்த மார்கழியில்தான் தெரியும். அப்போது ஓட்டிப் பார்க்கக் கார்த்திகைக் கடைசியிலிருந்தே நாள் குறிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.